மெல்லிய காற்றை எதைக் கொண்டு அளப்பது: எலக்ட்ரான் கற்றையா, எக்ஸ் கதிரா, லேசரா?

தரைமட்டத்தில் காற்றின் ஒரு மூலக்கூறு அடுத்ததோடு மோதுமுன் பறக்கும் சராசரித் தூரம் சுமார் 66 நானோமீட்டர். 70 கிலோமீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 100 கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் ஒலியைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் முதலில் உரசுவது இந்தக் காற்றைத்தான். அங்கே அதிர்வலை, அதாவது ஒலியை மிஞ்சும் கலத்தின் முன்னே காற்று திடீரென அழுந்தும் அடுக்கு, கோடு போட்டதுபோல் மெல்லிதாக இருக்காது, தடித்துப் பரவியிருக்கும். பாய்ம இயக்கவியலின் வழக்கமான சமன்பாடுகள் கைகொடுக்காது. டி.எஸ்.எம்.சி. எனப்படும், மூலக்கூறுகளின் மோதல்களைப் போலச்செய்து பார்க்கும் கணிப்பைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கணிப்பு சரிதானா என்று தெரிய வேண்டுமானால், வெற்றிடத் தொட்டிக்குள் அதே மாதிரி ஓட்டம் ஒன்றை உண்டாக்கி யாராவது அளந்து காட்டியாக வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது? பட்டியல் நீளமானது: எலக்ட்ரான் கற்றை ஒளிர்வு, லேசர் ஒளிர்வு, கார்ஸ் (பல லேசர்க் கற்றைகளை வாயுவில் சந்திக்கவைத்து, அங்கே பிறக்கும் புது ஒளியைப் பார்ப்பது), ரேலே சிதறல் (மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளி), பிட்டோ குழாய் (ஓட்டத்தை எதிர்நோக்கி வைத்து அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய்). ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்பதுபோல இவை வரிசையாக எழுதப்படுவது வழக்கம். ஆனால் கருவியின் புகழையும் விலையையும் பார்க்குமுன் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கன மீட்டரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதே அந்த எண். பாதி முடிவை அதுவே எடுத்துவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, பாரிஸை அடுத்த மெதோனில் இருந்த இரண்டு விண்ட் டனல்களை, அதாவது மாடல் ஒன்றின் மேல் வாயுவை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும் கூடங்களை, எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, பிரான்ஸின் தேசிய ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ். ஆய்வகத்தின் எஸ்.ஆர்.3. பிற்பாடு ஓர்லியான் நகருக்குப் போய் மார்ஹி என்ற பெயரில் இயங்குவது இதுதான். இங்கே நைட்ரஜனை மாக் 20 (ஒலியைவிட இருபது மடங்கு) வேகத்தில் ஓடவிட்டு, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள 70 டிகிரி மழுங்கிய கூம்பு ஒன்றைச் சோதித்தார்கள். செவ்வாயில் இறங்கும் கலங்களின் முகப்பு வடிவம் அது. அந்தத் தொடரில் ஓட்ட நிலைகள் மூன்று. வாயுவின் அடர்த்தியை எண்ணடர்த்தியாக மாற்றிப் பார்த்தால் கன மீட்டருக்கு முறையே சுமார் 3.7×10²⁰, 1.1×10²¹, 10²² மூலக்கூறுகள். இரண்டாவது டனல், பிரெஞ்சு விமான, விண்வெளி ஆய்வு நிறுவனமான ஒனேராவின் ஆர்5சிஎச். மாக் எண் 10-க்குச் சற்றே குறைவு. 1,050 கெல்வினுக்குச் சூடாக்கிய காற்று, நாசில் எனப்படும் குழல்வாயில் விரிந்து 50 கெல்வின், 6 பாஸ்கல் அளவுக்கு இறங்கும். கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 9×10²¹. இரண்டு டனல்களும் ஒரே ஊர், ஒரே துறை. ஆனால் அடர்த்தி அளக்க ஒன்றுக்குப் பொருந்தும் வழி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஏன் என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் சாரம் இருக்கிறது.

முதலில் எது எடுபடாது என்று பார்த்துவிடலாம். சாதாரண சூப்பர்சானிக் டனலில் ஷ்லீரன் படமும் குறுக்கீட்டுமானியும் ராஜாக்கள். அடர்த்தி மாறும்போது ஒளி வளைவதை முன்னது பார்க்கும், பின்தங்குவதைப் பின்னது பார்க்கும். காற்றின் ஒளிவிலகல் எண் வெற்றிடத்திலிருந்து விலகும் அளவு, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. 10²¹ என்ற எண்ணடர்த்தியில் அது பத்துக் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் அகல ஓட்டத்தைக் கடந்த ஒளிக்கதிர் பின்தங்குவது ஒரு நானோமீட்டர் சொச்சம், அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தில் நானூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஜன்னல் கண்ணாடியின் அதிர்வே அதைவிட அதிகம். பிட்டோ குழாய் மலிவு, நம்பகமானது, எந்த டனலிலும் இருந்தே ஆக வேண்டியது. ஆனால் மூலக்கூறுகளின் மோதலிடைத் தூரம் குழாயின் வாய் அளவை நெருங்கும்போது அது காட்டும் அழுத்தத்துக்குத் திருத்தம் வேண்டும். அந்தத் திருத்தத்துக்கோ ஓட்டத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதிர்வலைக்குள் குழாயை நுழைத்தால் அந்த அதிர்வலையே இடம் மாறிவிடும் என்பது தனிக்கதை.

எலக்ட்ரான் கற்றை இங்கேதான் நுழைகிறது. 10 முதல் 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலும் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டமும் உள்ள கற்றையை ஓட்டத்தின் குறுக்கே செலுத்துகிறோம். மின்னோட்டம் மில்லி ஆம்பியர் அளவு. வழியில் சிக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகளில் சில ஓர் எலக்ட்ரானை இழந்து, கூடவே கிளர்ச்சியுற்ற நிலைக்கும் போகின்றன. அங்கிருந்து 60 நானோநொடிச் சொச்சத்தில் இறங்கும்போது 391.4, 427.8 நானோமீட்டர்களில் ஊதா ஒளி வருகிறது. துருவ ஒளியிலும் இதே இரண்டு பட்டைகள் உண்டு. அங்கே நூறு கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையே இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆய்வகத்துக்கு இதைக் கொண்டுவந்து, நிறமாலைக் கோடுகளிலிருந்து ஓடும் வாயுவின் வெப்பநிலையைப் படிக்கலாம் என்று 1962-இல் காட்டியவர் டொரன்டோவின் ஈ. பி. மன்ட்ஸ்.

இந்த முறையின் பலம் வெளிச்சம். 10²¹ எண்ணடர்த்தியில் ஒரு மில்லி ஆம்பியர் கற்றை, தன் நீளத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நொடிக்குப் பத்தாயிரம் கோடி ஃபோட்டான் என்ற அளவில் உமிழும். இது நான் போட்ட தோராயக் கணக்கு, ஆனாலும் அளவு வரிசை மாறாது. அதே வாயுவில் ஒரு வாட் பச்சை லேசரைச் செலுத்தி ரேலே சிதறலைப் பார்த்தால் நொடிக்குப் பத்து லட்சம் சொச்சம்தான் கிடைக்கும். ஏறத்தாழ லட்சம் மடங்கு குறைவு. அதுவும் லேசரின் அதே அலைநீளத்தில் வருவதால், ஜன்னலிலும் மாடலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியிலிருந்து பிரிப்பது மிகக் கடினம். ரேலேயைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை. அடர்த்தி அதிகமான டனல்களுக்கு அது அருமையான முறை, நமக்கு ஆகாது.

அடர்த்தி அளவீட்டில் எலக்ட்ரான் கற்றை ஒளிர்வுக்கு இணையாக எளிமையானது வேறு எதுவும் இல்லை. கற்றையின் ஒரு புள்ளியை லென்ஸால் குவித்து, 391 நானோமீட்டர் வடிகட்டி வழியாக, மங்கிய ஒளியையும் உணரும் ஃபோட்டோமல்டிப்ளையருக்கு அனுப்ப வேண்டும். மறுமுனையில் கற்றையை வாங்கிக்கொள்ளும் ஃபாரடே கோப்பையில் அதன் மின்னோட்டத்தை அளந்து, அதனால் வகுக்க வேண்டும். ஓட்டம் இல்லாத தொட்டியில், தெரிந்த அழுத்தத்தில் ஒரு முறை அளவுதிருத்தம் செய்துவிட்டால் போதும். ஒளிரும் மூலக்கூறு நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் போனாலும் அதன் ஆயுளுக்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும், எனவே எங்கே ஒளிர்ந்ததோ அங்கேயே அளந்தோம் என்று சொல்லலாம்.

ஒளி அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும் வரைதான் இந்த எளிமை. அடர்த்தி கூடினால், கிளர்ச்சியுற்ற அயனி ஒளிரும் முன்பே இன்னொரு மூலக்கூறோடு மோதி ஆற்றலை இழந்துவிடும். ஆய்வகங்களில் இதைக் குவென்ச்சிங் என்றே சொல்வார்கள், தமிழில் தணிப்பு எனலாம். 10²¹-இல் இதனால் போகும் ஒளி சில சதவீதம். 10²²-ஐ எட்டும்போது தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு. எஸ்.ஆர்.3-இன் முதல் இரண்டு நிலைகளில் கூம்பைச் சுற்றிய அடர்த்தியை ஒளிர்வால் அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை என்பது இந்த எண்களிலிருந்தே தெரியும். ஆனாலும் ஓர் எச்சரிக்கை: டனலின் பெயர்ப்பலகையில் இருப்பது அதிர்வலைக்கு முந்தைய அடர்த்தி. நைட்ரஜனில் வலுவான செங்குத்து அதிர்வலை அடர்த்தியை ஆறு மடங்கு வரை உயர்த்தும். குளிர்ந்த சுவரின் அருகே இன்னும் கூடும். ஆக 1.1×10²¹ என்று தொடங்கும் இரண்டாம் நிலை, கூம்பின் முகத்தருகே 10²²-ஐத் தொட்டுவிடும். தணிப்பு வேகம் வெப்பநிலையையும் பொறுத்தது என்பதால், அறை வெப்பநிலையில் எடுத்த அளவுதிருத்த வரையை அப்படியே இங்கே போட முடியாது. திருத்தம் செய்ய வெப்பநிலை வேண்டும், அதையும் அளக்கத்தான் வந்திருக்கிறோம்.

ஆர்5சிஎச்-இல் ஓட்டமே 9×10²¹-இல் தொடங்குகிறது. அங்கே ஒனேரா ஆய்வாளர்கள், ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. எலக்ட்ரான் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பார்க்கும் ஒளியை மட்டும் மாற்றினார்கள். வேகமான எலக்ட்ரான்கள் வாயு அணுக்களில் பட்டு எக்ஸ் கதிரையும் உமிழவைக்கின்றன. அந்த உமிழ்வு நடக்கும் நேரம் மிகமிகக் குறைவு. இடையில் இன்னொரு மூலக்கூறு வந்து மோதிக் கெடுக்க வாய்ப்பே இல்லை. தணிப்பும் இல்லை, வெப்பநிலையைச் சார்ந்த திருத்தமும் இல்லை. ஓட்டமே சுயமாக ஒளிரும் டனல்களில்கூட, எக்ஸ் கதிர் உணரிக்கு அந்த ஒளி தெரியாது. இப்படி, 30 டிகிரி சரிவோடு முடியும் உள்ளீடற்ற உருளை ஒன்றின் மேல் அடர்த்தியை அளந்தார்கள். ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து மறுபடி ஒட்டும் சிக்கலான பகுதி அது. நாசா லாங்லியின் ஜேம்ஸ் மாஸ் செய்த டி.எஸ்.எம்.சி. கணிப்புகளுக்கு இந்த வடிவம் ஒரு உரைகல்லானது.

எக்ஸ் கதிருக்கும் விலை உண்டு. சமிக்ஞை பலவீனம், ஆகவே ஒரு புள்ளிக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் அதிகம். கற்றை மாடலில் பட்டால் உலோகத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் வாயுவின் கதிரை மூழ்கடித்துவிடும். மாடலில் சிறு துளையிட்டுக் கற்றையை உள்ளே வாங்கிக்கொள்வது, உணரிக்கு முன்னால் நுண்ணிய தடுப்புகள் வைப்பது போன்ற ஏற்பாடுகள் வேண்டும். எக்ஸ் கதிரிலிருந்து வெப்பநிலை கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். அடர்த்தி ஒன்றுதான்.

கற்றை ஒளிர்வதையே பார்க்காமல், அது எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஆல்ஸ்மையர் 1976-இல் வெளியிட்ட ஆர்கான், நைட்ரஜன் அதிர்வலைகளின் அடர்த்தி வரைகள் இப்படி எடுக்கப்பட்டவை. இன்றும் புதிதாக டி.எஸ்.எம்.சி. நிரல் எழுதுகிற எவரும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றோடுதான். அதிர்வலைக் குழாயில் அலை தட்டையாக இருப்பதால் அது சாத்தியமானது. கூம்பைச் சுற்றிய வளைந்த ஓட்டத்தில் கற்றை போன வழி முழுவதும் கூட்டிய மதிப்புதான் வரும், அதைப் பிரித்தெடுப்பது தலைவலி.

அடுத்தது வெப்பநிலை. எலக்ட்ரான் கற்றை ஒளிர்வின் விளம்பரங்களில் மிகைப்படுத்தல் இருப்பது இந்த இடத்தில்தான் என்பேன். 391.4 பட்டையை நல்ல நிறமாலைமானியில் விரித்தால் சுழற்சிக் கோடுகள் (மூலக்கூறு சுழலும் நிலைகளுக்கேற்ப வரும் கோடுகள்) தனித்தனியாகத் தெரியும். அவற்றின் செறிவுகளிலிருந்து சுழற்சி வெப்பநிலை. மன்ட்ஸின் மாதிரி, எலக்ட்ரான் மோதலில் சுழற்சி நிலை ஒரு படிக்கு மேல் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. அறை வெப்பநிலையிலும் அதற்கு மேலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. குளிர்ந்த ஓட்டங்களில் மட்டும் அளந்த வெப்பநிலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது, அடர்த்தியைப் பொறுத்தும் மாறியது. முதன்மைக் கற்றை தெறிக்கவிடும் மெதுவான இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் சுழற்சியை இன்னும் தாராளமாகக் கலைக்கின்றன என்பது முக்கியச் சந்தேகம். பெர்க்லியிலும் நோவோசிபிர்ஸ்கிலும் இதற்காகவே பல ஆண்டுகள் செலவாயின. எஸ்.ஆர்.3-இன் ஓட்டம் 13 கெல்வினில் இருக்கிறது. அந்த எண்ணை இந்த முறையால் நேராக அளந்து உறுதி செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதிர்வலைக்குள், பல நூறு கெல்வின் இருக்கும் இடத்தில் என்றால் தாராளமாக நம்பலாம். கூடுதல் லாபமும் உண்டு. கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிவதால், மூலக்கூறுகள் சமநிலைப் பரவலில் இல்லை என்பதையே கண்ணால் பார்க்கலாம். ராபனும் டால்பட்டும் பெர்க்லியில் 1966-லேயே நைட்ரஜன் அதிர்வலைக்குள் இதைச் செய்தார்கள். ஒரே ஒரு வெப்பநிலை எண்ணைத் தரும் எந்த முறையாலும் இது முடியாது.

வேகத்துக்கு, நைட்ரஜனில் இந்த முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். நொடிக்கு 1,500 மீட்டர் ஓட்டத்தில் 391 நானோமீட்டர் கோட்டின் டாப்ளர் நகர்வு, அதாவது வேகத்தால் அலைநீளம் மாறும் அளவு, 0.002 நானோமீட்டர். நெருக்கமாக அடுக்கிய சுழற்சிக் கோடுகளுக்கு நடுவே அதைப் பிடிப்பது பெரும்பாடு. ஹீலியத்தில் கதையே வேறு. ஒற்றைக் கோடு, சிக்கலில்லாத நிறமாலை. எலக்ட்ரான் ஹீலியம் அணுவைவிட 7,000 மடங்குக்கு மேல் லேசானது என்பதால் மோதல் அணுவின் திசைவேகத்தை அநேகமாகத் தொடுவதில்லை. 1989-இல் மன்ட்ஸின் குழு மாக் 25 ஹீலியம் அதிர்வலைக்குள் அணுக்களின் திசைவேகப் பரவலையே இப்படி அளந்தது. வேகமாக வந்துகொண்டிருக்கும் அணுக்களும், மோதி வேகம் குறைந்த அணுக்களும் ஒரே இடத்தில் இரு தனிக் கூட்டங்களாக இருந்தன. இயக்கவியல் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வைக்க முடியாது. அடிப்படை ஆய்வுதான் நோக்கம் என்றால், மாடலை மறந்துவிட்டு ஹீலியத்தையும் எலக்ட்ரான் துப்பாக்கியையும் எடுங்கள்.

மாடலைச் சுற்றிய ஓட்டத்தின் வேகம்தான் வேண்டும் என்றால் லேசர் ஒளிர்வு. நைட்ரிக் ஆக்சைடைச் சிறிதளவு கலந்து 226 நானோமீட்டர் லேசர் தகட்டால் (தகடுபோல் விரித்த லேசர் ஒளியால்) ஒளிரவைக்கும் முறை நாசா லாங்லியின் மாக் 10 டனலில் நன்றாக வேரூன்றியது. இங்கே 1,500 மீட்டர் வேகத்தின் டாப்ளர் நகர்வு 6.6 கிகாஹெர்ட்ஸ். 50 கெல்வினில் வெப்ப இயக்கத்தால் வரும் கோட்டகலம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லேசரின் சொந்தக் கோட்டகலம் குறுகலாக இருந்தால் நகர்வு தெளிவாகத் தெரியும். இல்லாவிட்டால் ஒரு கோட்டை ஒளிரவைத்து, சில நூறு நானோநொடி பொறுத்து, எவ்வளவு நகர்ந்தது என்று படமெடுக்கலாம். நைட்ரிக் ஆக்சைடின் கிளர்நிலை 200 நானோநொடி நிலைக்கிறது. நைட்ரஜன் அதை அநேகமாகத் தணிப்பதே இல்லை என்பது பெரிய வரம். ஆக்சிஜன் தணிக்கும், ஆகவே காற்று டனலில் இந்த வரம் பாதிதான். எலக்ட்ரான் கற்றை ஒரு நேரத்தில் ஒரு கோடு, லேசர் தகடு ஒரே துடிப்பில் ஒரு தளம் முழுவதும். பிரிந்த ஓட்டத்தையும் நிலையற்ற ஓட்டத்தையும் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தீர்மானமானது. விலை, பராமரிப்பு, நச்சு வாயுவைக் கையாளும் ஏற்பாடு ஆகியவை மறுபக்கம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மெக்டேனியல் குழு அயோடினைக் கலந்து பச்சை ஆர்கான் லேசரால் இதையே செய்தது. புற ஊதா லேசர் தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் அயோடின் உலோகங்களை அரிக்கும்.

கார்ஸைப் பற்றிச் சுருக்கமாக. அதன் சமிக்ஞை எண்ணடர்த்தியின் இருமடிக்கு விகிதமானது. அடர்த்தி பத்தில் ஒன்றானால் ஒளி நூறில் ஒன்றாகும். இருந்தும் ஒனேரா இரு சுழற்சிக் கோடுகளை ஒரே சமயத்தில் பார்க்கும் வகையை ஆர்5சிஎச்-இல் ஓட்டிக்காட்டி, வெப்பநிலையும் அடர்த்தியும் எடுத்தது. அதைச் செய்தவர்கள் அந்தத் துறையின் முன்னோடிகள். எஸ்.ஆர்.3-இன் முதல் நிலையில் ஒளி அதைவிட அறுநூறில் ஒரு பங்குக்குப் போய்விடும். புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் இதை வாங்கக் கூடாது.

இனி கைக்காரியங்கள். துப்பாக்கிக்குள் உயர் வெற்றிடம் வேண்டும், டனலில் வேண்டாம். இடையே சிறு துளைகளும் தனித்தனி பம்புகளும் வைத்துப் படிப்படியாக அழுத்தத்தை இறக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். மாடல் மின்கடத்தாப் பொருளாக இருந்தால் மின்னூட்டம் ஏறிக் கற்றையையே வளைத்துவிடும். பிளாஸ்டிக்கில் அச்சடித்த மாடல்கள் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 30 கிலோவோல்ட் என்றால் எக்ஸ் கதிர்ப் பாதுகாப்பு கட்டாயம். சில மில்லிமீட்டர் எஃகுச் சுவர் தாராளமாகத் தடுத்துவிடும், கசிவு பார்வை ஜன்னல் வழியாகத்தான் வரும். அங்கே ஈயக் கண்ணாடி வைத்தால் ஊதா ஒளியும் ஓரளவு குறையும், எனவே கண்ணாடியைப் பொருத்திய பிறகே அளவுதிருத்தம்.

நைட்ரஜன் ஓட்டம், அதிர்வலைக்குப் பின்னாலும் 10²² தாண்டாத நிலை, முதலில் வேண்டியது அடர்த்தி என்றால் எலக்ட்ரான் கற்றை ஒளிர்வு. யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேலே போகப் போகிறீர்கள் என்றால் அதே துப்பாக்கியை வாங்கி, ஃபோட்டோமல்டிப்ளையருக்குப் பக்கத்தில் எக்ஸ் கதிர் உணரி ஒன்றுக்கும் முதல் நாளிலேயே இடம் விடுங்கள். எஸ்.ஆர்.3-ஐப் போல ஒரே டனலை 3.7×10²⁰-இலிருந்து 10²² வரை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டுமே தேவைப்படும். நடுவில் இரண்டும் ஒத்துப்போகிற அடர்த்தி வரம்பு ஒன்று உண்டு, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க அது போதும். வேகம்தான் முதல் தேவை என்றாலோ, காற்றை மில்லிநொடிகள் மட்டும் ஓட்டும் அதிர்வலை டனல் என்றாலோ லேசருக்குப் போங்கள். ஒனேரா தன் குறுநேர எஃப்4 டனலுக்காகத் துடிப்பு எலக்ட்ரான் துப்பாக்கிகளை உருவாக்கியதுண்டு, ஆனால் அந்த வகைத் துப்பாக்கியை வாங்க முடியாது, ஆய்வகத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.